ஒரே அமுக்கு, 7 வருஷ கடன் கணக்கு காலி!

லினக்ஸ் போடப் போன மளிகைக் கடையில் நடந்தது என்ன?

சென்னை, ஜன.18-

"ஏலே, கணக்கு எங்கலே?"

மளிகைக் கடை அண்ணாச்சி போட்ட சத்தத்தில், பருப்பு நிறுத்துக் கொண்டிருந்த பையனின் கை அப்படியே நின்று விட்டது. எதிரே பில் போடும் வாலிபர். வயது 24. முகத்தில் ரத்தமே இல்லை. கம்ப்யூட்டர் திரையில் அழகான பச்சைப் படம் ஒன்று மின்னியது. உள்ளே இருந்த 7 வருஷ கடன் கணக்கைத்தான் காணோம்!

கடையில் திருடன் நுழையவில்லை. பூட்டு உடைக்கப்படவில்லை. முதல் நாள் ராத்திரி 11 மணிக்கு அந்த வாலிபரே அமுக்கிய ஒரே ஒரு பட்டன்தான் காரணம்.

வட சென்னையில் கடந்த 2025 நவம்பர் நடுவில் நடந்த இந்தச் சம்பவம் பற்றிய விவரம் வருமாறு:-

காவல் நின்றது

அண்ணாச்சி கடை கம்ப்யூட்டரில் இருந்தது விண்டோஸ் 10. இதற்கான இலவசப் பாதுகாப்புத் திருத்தங்களை 2025 அக்டோபர் 14-ந் தேதியோடு மைக்ரோசாப்ட் கம்பெனி நிறுத்தியது. வீட்டு உபயோகக்காரர்களுக்குச் சில நிபந்தனைகளோடு 2026 அக்டோபர் வரை தவணை கொடுத்தது.

தேதி முடிந்ததும் கம்ப்யூட்டர் நின்று போகாது. வழக்கம்போல ஓடும். ஆனால் புதிதாக ஓட்டை கண்டுபிடிக்கப்பட்டால் அடைக்க ஆள் வராது. ஊரில் கள்ளச்சாவி வந்து விட்டது என்று தெரிந்தும் பழைய பூட்டோடு படுத்துத் தூங்குவது மாதிரி.

விண்டோஸ் 11 போடலாம் என்றால் கம்ப்யூட்டர் இடம் கொடுக்கவில்லை. அதற்கு டி.பி.எம். 2.0 என்ற பாதுகாப்பு வசதி வேண்டும். இன்டெல் பிராசசர் என்றால் பெரும்பாலும் 8-வது தலைமுறையோ அதற்குப் பிந்தியதோ வேண்டும். கடையில் இருப்பது 6-வது தலைமுறை.

"புதுசு வாங்கிடுங்க, 40 ஆயிரம் ஆகும்" என்றார் கம்ப்யூட்டர் வியாபாரி.

"நல்லா உழைக்கிற மாட்டை எதுக்குவே அடிமாட்டுக்கு விக்கணும்?" என்று திருப்பி அனுப்பி விட்டார் அண்ணாச்சி.

அப்போதுதான் பில் போடும் வாலிபர் வாயைத் திறந்தார். "லினக்ஸ்னு ஒண்ணு இருக்கு அண்ணாச்சி. காசு கிடையாது. பழைய பெட்டியிலயும் ஓடும். நானே போட்டுடறேன்."

சட்டைப் பையில் லினக்ஸ்

லினக்ஸ் புதுச் சரக்கு அல்ல. யார் வேண்டுமானாலும் பயன்படுத்தவும், திருத்தவும், பகிரவும் கூடிய ஒரு இயங்குதளத்தை உருவாக்கப் போவதாக 1983-ல் அமெரிக்காவில் ரிச்சர்டு ஸ்டால்மேன் அறிவித்தார். குனு என்று அதற்குப் பெயர். 1991-ல் பின்லாந்து நாட்டின் ஹெல்சிங்கி பல்கலைக்கழக மாணவர் லினஸ் டோர்வால்ட்ஸ், தன் 21-வது வயதில், எந்திரத்தை இயக்கும் கருவை எழுதி வெளியிட்டார். அதுதான் லினக்ஸ். இரண்டும் சேர்ந்து முழு இயங்குதளம் ஆயிற்று.

டெபியன், உபுண்டு, மின்ட் என்று பல பெயர்களில் இது கிடைக்கிறது. ஒரே அரிசியில் இட்லி, தோசை, பொங்கல் செய்வது மாதிரி. ஆண்ட்ராய்டு செல்போனுக்குள் ஓடுவதும் லினக்ஸ் கருதான். "உங்க சட்டைப் பையில இருக்கறதே அதுதான் அண்ணாச்சி" என்று வாலிபர் சொன்னதும், அண்ணாச்சி போனைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். சம்மதித்து விட்டார்.

பீரோவும் தட்டும்

கடையைச் சாத்தியதும் வாலிபர் வேலையை ஆரம்பித்தார். மின்ட் லினக்ஸ் ஏற்றிய பென்டிரைவைச் செருகினார். கேள்விகள் ஒவ்வொன்றாக வந்தன. ஒரு இடத்தில், "டிஸ்க்கை அழித்து விட்டு நிறுவவா?" என்று கேட்டது.

வாலிபர் யோசித்தார். விண்டோஸ் இருப்பது சி டிரைவில். கணக்கு இருப்பது டி டிரைவில். சி மட்டும்தானே அழியும் என்று நினைத்து அமுக்கி விட்டார்.

அங்கேதான் வந்தது வினை. சி, டி என்பவை இரண்டு பீரோ அல்ல. ஒரே பீரோவின் இரண்டு தட்டுகள். அந்தப் பட்டன் பீரோவையே காலி செய்யும் பட்டன்! சுமார் அரை மணி நேரத்தில் காரியம் முடிந்து விட்டது.

காலையில் விஷயம் தெரிந்ததும் அண்ணாச்சி கல்லாவில் தலையைப் பிடித்துக் கொண்டு உட்கார்ந்து விட்டார். சுமார் 3 லட்ச ரூபாய் வெளியே நிற்கிறது. யாரிடம் எவ்வளவு என்பது அந்தப் பெட்டிக்கு மட்டும்தான் தெரியும்.

கைவிரித்த மெக்கானிக்

கம்ப்யூட்டரை ஆட்டோவில் போட்டுக் கொண்டு அண்ணா சாலை பக்கம் ரிச்சி தெருவுக்கு ஓடினார் வாலிபர். கம்ப்யூட்டர் சாமான்களுக்குப் பேர் போன தெரு. அங்கே ஒரு மாடி அறையில் பழுது பார்க்கும் மெக்கானிக் கேட்ட முதல் கேள்வி: "நகல் இருக்கா தம்பி?"

"இல்லைண்ணே."

பெட்டியைத் திறந்து பார்த்தவர் உதட்டைப் பிதுக்கினார். உள்ளே இருந்தது எஸ்.எஸ்.டி. என்ற புது வகை டிஸ்க். பழைய சுற்றும் டிஸ்க்காக இருந்தால் கொஞ்சமாவது தேறும். எஸ்.எஸ்.டி.யில் லினக்ஸ் நிறுவும்போது பழைய இடங்கள் பெரும்பாலும் துடைக்கப்பட்டு விடும். "இதுல எடுக்க முடியாது" என்று கைவிரித்து விட்டார்.

அப்போதுதான் வாலிபருக்குப் பொறி தட்டியது. மாதக் கடைசியில் கணக்குப் பைல் ஆடிட்டருக்கு இ-மெயிலில் போகும். அக்டோபர் 31-ந் தேதி வரை உள்ள கணக்கு அங்கே கிடைத்தது! நவம்பர் மாத பாக்கியை பில் புத்தகத்தின் கார்பன் தாளைப் பார்த்து இரண்டு ராத்திரி கண் விழித்து ஏற்றினார்கள்.

அப்படியும் சில சில்லறைக் கணக்குகள் சிக்கவில்லை. கடை வாசலில் பூ விற்கும் அம்மா தானாகவே வந்து, "எம்பேருல 1,840 ரூபா நிக்குது அண்ணாச்சி, எழுதிக்குங்க" என்று சொல்லி விட்டுப் போனார்.

"பெட்டி மேலயும் தப்பு இல்லை, லினக்ஸ் மேலயும் தப்பு இல்லை. நகல் எடுக்காம கை வெச்சதுதான் தப்பு" என்றார் மெக்கானிக். "அப்போ முழுசாக் கத்துக்கிட்டு வாலே. அதுவரைக்கும் நோட்டுல எழுதுதேன்" என்று சொல்லி விட்டார் அண்ணாச்சி.

ஞாயிற்றுக்கிழமை பாடம்

அந்த மாடி அறையில் ஞாயிற்றுக்கிழமை தோறும் 4 பேர் பாடம் படித்தார்கள். மளிகைக் கடை வாலிபர், புரசைவாக்கத்தில் ஜெராக்ஸ் கடை நடத்தும் பெண், ஓய்வு பெற்ற குமாஸ்தா ஒருவர், ஒரு கல்லூரி மாணவர்.

முதல் ஞாயிறு யாரையும் லினக்சைத் தொட விடவில்லை. நகல் எடுக்க மட்டும் பழக்கினார் மெக்கானிக். "நகல் ரெண்டு வேணும். அதுல ஒண்ணு கடைக்கு வெளியே இருக்கணும். எடுத்த நகலை வேற கம்ப்யூட்டர்ல திறந்து பார்க்கணும். திறக்காத நகல் நகல் இல்லை."

இரண்டாவது பாடம், நிறுவாமலே ஓட்டிப் பார்ப்பது. பென்டிரைவில் இருந்தே லினக்ஸ் ஓடும். நிறுவும் பட்டனை அமுக்காதவரை டிஸ்க்கில் இருக்கும் விண்டோஸ் அப்படியே இருக்கும். கொஞ்சம் மெதுவாக ஓடும், அவ்வளவுதான். வைபை வருகிறதா, பிரிண்டர் அடிக்கிறதா, சத்தம் கேட்கிறதா என்று அப்போதே பார்த்து விடலாம். வைபை பிடிக்காவிட்டால் செல்போனை ஒயரில் மாட்டி இன்டர்நெட் எடுத்துக் கொள்ளலாம். பெண் பார்க்காமலே தாலி கட்டுவானேன் என்றார் மெக்கானிக்.

விரல் ரேகை

பதிவிறக்கிய பைல் அசல்தானா என்று பார்ப்பது மூன்றாவது பாடம். இதற்குப் பின்னால் ஒரு குற்றக் கதை இருக்கிறது.

2016 பிப்ரவரி 20-ந் தேதி, மின்ட் லினக்சின் சொந்த இணையதளத்துக்குள்ளேயே ஆசாமிகள் புகுந்து விட்டார்கள். பதிவிறக்கும் இணைப்பை மாற்றி, ரகசியக் கதவு வைத்த போலிப் பைல் இருக்கும் இடத்துக்குத் திருப்பி விட்டார்கள். அன்று இறக்கியவர்கள் உடனே எச்சரிக்கப்பட்டார்கள்.

ஒவ்வொரு பைலுக்கும் விரல் ரேகை மாதிரி ஒரு நீண்ட எண் உண்டு. ஒரு எழுத்து மாறினாலும் ரேகை மாறி விடும். இறக்கிய பைலின் ரேகை, தயாரித்தவர்கள் கையெழுத்திட்டு வெளியிட்ட ரேகையோடு பொருந்த வேண்டும். "போலீஸ்காரன் மாதிரி ஒப்பிட்டுப் பாரு" என்றார் மெக்கானிக்.

புள்ளி கூட வரவில்லை!

நிறுவுவது ஒரு நாள் வேலை. பராமரிப்பதுதான் தினசரி வேலை.

ஓய்வு பெற்ற குமாஸ்தா கறுப்புத் திரையில் கட்டளை கொடுத்தார். பாஸ்வேர்டு கேட்டது. அடித்தார். திரையில் ஒரு புள்ளி கூட வரவில்லை. "கீபோர்டு போச்சு சார்!" என்று பதறினார். எல்லோரும் சிரித்து விட்டார்கள். பக்கத்தில் நிற்பவன் எத்தனை எழுத்து என்று கூட எண்ணக் கூடாது என்பதற்காகவே பெரும்பாலான லினக்சில் அப்படி மறைத்து வைத்திருக்கிறார்கள். அடித்து விட்டு என்டர் தட்டினால் வேலை நடக்கும்.

கட்டளைக்கு முன்னால் 'சூடோ' என்று போட்டால் அது கல்லாச் சாவியைக் கையில் கொடுப்பதற்குச் சமம். எதையும் மாற்றலாம், எதையும் அழிக்கலாம். "முன்பின் தெரியாத ஆள் எழுதிக் கொடுத்த கட்டளையை அர்த்தம் தெரியாம அடிக்காதீங்க" என்பது கண்டிப்பான உத்தரவு. குமாஸ்தா ஒவ்வொரு கட்டளையையும் அர்த்தத்தோடு நோட்டில் எழுதிக் கொண்டார்.

'ஆப்ட் அப்டேட்' என்று கொடுத்து விட்டு எல்லாம் புதிதாகி விட்டது என்று மாணவர் இருந்தார். அது சரக்குப் பட்டியலை மட்டும் புதுப்பிக்கும். சரக்கு வர 'ஆப்ட் அப்கிரேட்' கொடுக்க வேண்டும்.

மின்ட்டில் 'டைம்ஷிப்ட்' என்று ஒரு வசதி உண்டு. ஏதாவது மாற்றிக் கெடுத்து விட்டால் இயங்குதளத்தைப் பழைய நிலைக்குத் திருப்பும். ஆனால் சொந்தப் பைல்களை அது வழக்கமாகச் சேர்ப்பதில்லை. அதை நம்பி நகல் எடுக்காமல் இருந்தால் மறுபடியும் அண்ணாச்சி கதைதான்.

ஜெராக்ஸ் கடைப் பெண்ணுக்கு வேறு பிரச்சினை. பழைய கல்யாணப் பத்திரிகைகளைத் திறந்தால் தமிழுக்குப் பதில் கன்னாபின்னா என்று ஆங்கில எழுத்துகள். எல்லாம் பாமினி எழுத்துருவில் அடித்தவை. அந்த எழுத்துருவை நிறுவியதும் தமிழ் திரும்பி வந்தது. அவருக்கு உயிரும் வந்தது!

"திருடனும் பார்ப்பானே?"

ஒரு ஞாயிறு அண்ணாச்சியே நேரில் வந்து விட்டார். "எழுதினது எல்லாத்தையும் எல்லாரும் பார்க்கலாம்னா, திருடனும் பார்ப்பானே தம்பி?" என்று கேட்டார்.

"பார்ப்பான். வந்தும் இருக்கான்" என்ற மெக்கானிக் கூறியதாவது:-

"'எக்ஸ்-இசட்'னு பைல்களைச் சுருக்குற ஒரு நிரல். ஜியா டான்ங்கற பேர்ல ஒரு ஆசாமி ரெண்டு வருஷத்துக்கு மேல நல்ல பிள்ளையா வேலை செஞ்சு நம்பிக்கை வாங்கி, அதுல ரகசியக் கதவு வெச்சான். 2024 மார்ச்சுல ஆண்ட்ரஸ் பிராயிண்ட்னு ஒரு என்ஜினீயர், உள்ளே நுழைய அரை செகண்டு கூடுதலா ஆகுதேன்னு சந்தேகப்பட்டுத் தோண்டினாரு. குட்டு உடைஞ்சுது. நம்மள மாதிரி ஆளுங்க போடுற நிலையான பதிப்புகளுக்கு வர்றதுக்கு முன்னாடியே பிடிச்சுட்டாங்க. திறந்து கிடந்ததாலதான் தோண்ட முடிஞ்சுது."

ஓய்வு பெற்ற குமாஸ்தா அரை செகண்டு என்று நோட்டில் குறித்துக் கொண்டார்.

எல்லாம் ஓடுமா?

ஓடாது. டேலி போன்ற விண்டோஸ் நிரல்கள் லினக்சில் நேரடியாக ஓடாது. சில பழைய பிரிண்டர்கள் முரண்டு பிடிக்கும். டிஜிட்டல் கையெழுத்துக் கருவி, பில் மெஷின் எல்லாவற்றையும் முதலில் சோதிக்க வேண்டும். டேலியை நம்பி நடக்கும் கடை அவசரப்படக் கூடாது. எக்சல் கணக்குகள் 'லிப்ரே ஆபீஸ்' நிரலில் திறக்கும். அண்ணாச்சி கணக்கு அந்த வகை என்பதால் தப்பித்தது.

தமிழ்நாட்டுக்கு லினக்ஸ் அந்நியமும் அல்ல. சி-டாக் நிறுவனம் சென்னையில் உருவாக்கிய 'பாஸ்' லினக்ஸ், 2011-ல் தொடங்கிய அரசின் இலவச லேப்டாப்களில் விண்டோசோடு சேர்ந்து வந்தது. தமிழிலேயே படிக்க 'கணியம்' மின்னிதழ் 2012 முதல் வழி காட்டுகிறது.

கல்லாவோடு போகும் நகல்

டிசம்பர் கடைசி ஞாயிறு. அதே வாலிபர் அதே கம்ப்யூட்டரில் மறுபடி லினக்ஸ் போட்டார். இம்முறை பகலில். அண்ணாச்சி பக்கத்திலேயே நின்றார். டிஸ்க்கை அழிக்கவா என்று கேட்ட இடத்தில் வாலிபரின் கை நின்றது. பையில் இருந்து இரண்டு பென்டிரைவை எடுத்து மேஜையில் வைத்தார். அதன் பிறகே அமுக்கினார்.

40 ஆயிரம் ரூபாய் மிச்சம். கணக்கும் பத்திரம்.

இப்போது தினமும் கடை சாத்தியதும் ஒரு பென்டிரைவ் கல்லாப் பணத்தோடு அண்ணாச்சி வீட்டுக்குப் போகிறது. முன்பெல்லாம் ஷட்டரை இறக்கும்போது, "பூட்டியாச்சா?" என்று கேட்பார். இப்போது அதற்கு முன்னால் இன்னொரு கேள்வி:

"நகல் எடுத்தியாலே?"