தோல் வணிகமும் நேர்மையான அளவும்

கிழக்கிந்தியக் கம்பெனி சாஸனம் பெற்று எழுபது ஆண்டுகள் சென்றபின், 1670-ல், இங்கிலாந்து மன்னர் இரண்டாம் சார்லஸ் மற்றொரு வணிகர் குழுவிற்குச் சாஸனம் அளித்தார். ஹட்ஸன் விரிகுடாக் கம்பெனி என்பது அதன் பெயர். இன்றைய கானடாவில், அவ்விரிகுடாவில் சென்று கலக்கும் ஆறுகள் பாயும் நிலமெல்லாம், அங்கு வாழ்ந்த மக்களைக் கேளாமலே, ஏட்டளவில் கம்பெனியின் உடைமையாயிற்று.

கம்பெனி நாடியது பீவர் என்னும் நீர்வாழ் விலங்கின் தோலை. அதன் அடிமயிரைக் கொண்டு செய்த தொப்பிகளுக்கு ஐரோப்பாவில் பெருமதிப்பு இருந்தது. வேட்டையாடித் தோலைக் கொணர்ந்தவர்கள் கிரீ முதலிய பழங்குடியினர். நாணயம் புழங்காத அந்நாட்டில், முற்றிய பீவரின் நல்ல தோல் ஒன்றே விலையின் அலகாக விளங்கிற்று. துப்பாக்கிக்கு இத்தனை, கம்பளிக்கு இத்தனை என்று லண்டனில் விகிதம் வகுத்தனர். ஆனால், கோட்டை அதிகாரிகள் அதற்கு மேலும் தோல் பெற்றனர். வெடிமருந்தைக் குறைத்து அளந்தனர். இவ்வாறு கிட்டிய மிகை கம்பெனியின் கணக்கிலேயே பதிவாயிற்று.

யார்க் ஃபாக்டரி என்னும் கோட்டையில் வணிகம் தொடங்குமுன் புகைக்குழாய் கைமாறும், பரிசுகள் வழங்கப்பெறும், பிறகு பழங்குடித் தலைவர் பேசுவார். அத்தகைய பேச்சைக் கம்பெனி அலுவலர் ஒருவர் குறித்து வைத்துள்ளார். அதில் காணும் முக்கிய வேண்டுகோள், அளப்பதில் வஞ்சனை கூடாது என்பதே.

அக்கம்பெனியின் கணக்கேடுகளும் நாட்குறிப்புகளும் இன்று வின்னிபெக் நகரில், மானிடோபா மாகாண ஆவணக் காப்பகத்தில் உள்ளன. அவற்றின் துணையின்றி இவ்வரலாற்றை எழுதுதல் அரிது. ஆயினும் எழுதியவர் வணிகர், எழுதப்பட்டவர் வேடர் என்பதை நாம் மறத்தலாகாது. தோலைப் பதப்படுத்தியும், பனிக்காலணி பின்னியும், மொழிபெயர்த்தும் வணிகத்தைத் தாங்கிய பெண்கள் பலரின் பெயர் அவ்வேடுகளில் இல்லை.

வணிகரை அடுத்து ஆராய்ச்சியாளர் வந்தனர். 1942-ல், கம்பெனியின் பழைய தலமாகிய நார்வே ஹவுஸிலும் சுற்றுவட்டாரத்திலும் கிரீ மக்கள் பசியால் நலிவதை அவர்கள் கண்டனர். தோல் வணிகமும் அப்போது தளர்ந்திருந்தது. உணவுக் குறைவால் வாடிய சுமார் 300 பேரில் 125 பேருக்கு மட்டும் வைட்டமின் மருந்து அளித்து, ஏனையோரை ஒப்பிட்டுப் பார்ப்பதற்காக விட்டுவைத்தனர். விவரமறிந்த சம்மதம் பெறாமல் நடந்த இச்சோதனையை 2013-ல் வரலாற்றாசிரியர் இயன் மோஸ்பி வெளிப்படுத்தினார். தோலைக் கொண்டவர் குறைந்த விலையேனும் கொடுத்தார்; தகவலைக் கொண்டவர் பசித்தவருக்கு என்ன கொடுத்தார் என்று நாம் கேட்கவேண்டியுள்ளது.

1998-ல் கானடாவின் பழங்குடியினர் நான்கு நெறிகளை வகுத்தனர். தம்மைப் பற்றிய தகவல் தமக்கே உடைமை. அதன்மீது கட்டுப்பாடு தமக்கு உண்டு. அதனைப் பார்க்கும் உரிமை உண்டு. அது தம் கைவசம் இருத்தல் வேண்டும். 2010-ல் அந்நாட்டின் ஆராய்ச்சி மன்றங்களும், இம்மக்களிடையே ஆய்வு நடத்துவோர் அச்சமூகத்தைக் கலந்து செயற்படவேண்டும் என்று தம் கொள்கையில் தனி அத்தியாயம் சேர்த்தன.

பிறர் வாழ்வை ஆராய்தல் தவறன்று. அறியாமை எவர்க்கும் நன்மை செய்வதில்லை. ஆனால் ஆராய்ச்சியும் ஒருவகைக் கொடுக்கல் வாங்கலே. அன்று கோட்டை வாயிலில் வெடிமருந்துக்குக் கேட்ட நேர்மையான அளவையே இன்று அறிவுக்கும் அம்மக்கள் கேட்கின்றனர்.