எம்.பி.க்களுக்கு வாங்கிய 740 புத்தகம் 17 கோடி ஆன கதை தெரியுமா?

1800ஆம் ஆண்டு. அமெரிக்கத் தலைநகரம் பிலடெல்பியாவிலிருந்து வாஷிங்டனுக்கு வீடு மாறுகிறது. அந்த இடமாற்றத்துக்கான சட்டத்துக்குள்ளேயே ஒரு சின்னச் செலவுக் கணக்கு: நாடாளுமன்ற உறுப்பினர்களுக்குத் தேவையான புத்தகங்கள் வாங்க 5,000 டாலர். ஏப்ரல் 24ஆம் தேதி ஜனாதிபதி ஜான் ஆடம்ஸ் கையெழுத்துப் போட்டார். லண்டனுக்கு ஆர்டர் போனது. அடுத்த வருடம் 740 புத்தகங்களும் 3 வரைபடங்களும் கப்பலில் வந்து இறங்கின. அவ்வளவுதான் முதலீடு!

இன்று அந்தப் புத்தகங்களில் தொடங்கிய ‘லைப்ரரி ஆஃப் காங்கிரஸ்’ நூலகம் வைத்திருப்பவை 17 கோடிக்கும் மேல். புத்தகம், வரைபடம், இசைத்தட்டு, புகைப்படம், சினிமா என்று எல்லாம் சேர்த்து. அலமாரித் தட்டுகளை வரிசையாக நிறுத்தினால் சுமார் 1,350 கிலோமீட்டர்! சென்னையிலிருந்து கன்னியாகுமரிக்குப் போய், ஏறக்குறைய திரும்பியும் வந்துவிடலாம்.

இந்த நூலகம் ஒருமுறை முழுசாகச் சாம்பலாகியிருக்கிறது, தெரியுமா? 1814 ஆகஸ்டில் பிரிட்டிஷ் படை வாஷிங்டனுக்குள் புகுந்து நாடாளுமன்றக் கட்டடத்துக்குத் தீ வைத்தது. உள்ளே இருந்த சுமார் 3,000 புத்தகங்களும் போயின. அப்போது கை கொடுத்தவர் முன்னாள் ஜனாதிபதி தாமஸ் ஜெபர்சன். தன் சொந்த நூலகத்தையே விற்கிறேன் என்றார். (தேசப்பற்று மட்டும் காரணமில்லை, மனிதர் கடனில் கழுத்தளவு மூழ்கியிருந்தார்.) 6,487 புத்தகங்கள், விலை 23,950 டாலர்.

சும்மா வாங்கிவிடுவார்களா? சபையில் பெரிய சண்டை! தத்துவம், பிறமொழி இலக்கியம் எல்லாம் சட்டம் போடுகிறவனுக்கு எதற்கு என்று எதிர்க்கட்சி கேட்டது. ஜெபர்சன் முன்கூட்டியே சொல்லிவைத்த பதிலின் சாரம், ஒரு நாடாளுமன்ற உறுப்பினருக்கு என்றைக்காவது தேவைப்படாத துறை என்று உலகத்தில் எதுவுமே இல்லை என்பதுதான். 81க்கு 71 என்று பத்தே ஓட்டில் தீர்மானம் தப்பியது. என்னைக் கேட்டால் அந்த நூலகத்தின் உண்மையான பிறந்தநாள் 1800 இல்லை, இந்த ஓட்டெடுப்பு நடந்த நாள்தான். அன்றைக்குத் தோற்றிருந்தால் அது இன்றும் நாலு அலமாரி சட்டப் புத்தகமாகவே இருந்திருக்கும்.

ஜெபர்சனிடமிருந்து அப்படி வந்த ஒரு புத்தகம் என்ன செய்தது தெரியுமா? குர்ஆனின் ஆங்கில மொழிபெயர்ப்பு அது. 1851 கிறிஸ்துமஸுக்கு முந்தின நாள் புகைபோக்கிக் கோளாறில் நூலகம் மறுபடி எரிந்தபோது 35,000 புத்தகங்கள் அழிந்தன. ஜெபர்சன் கொடுத்ததிலேயே மூன்றில் இரண்டு பங்கு காலி. இதுவோ தப்பித்தது! அமெரிக்க நாடாளுமன்றத்துக்குத் தேர்வான முதல் முஸ்லிம் உறுப்பினர் கீத் எல்லிசன் 2007இல் பதவியேற்புச் சடங்கில் கை வைத்தது இதே பிரதியின் மேல்.

தீ என்றதும் லண்டனையும் ஒரு எட்டுப் பார்த்துவிடலாம். 1834 அக்டோபர் 16. கணக்கு குறித்துவைத்த பழைய மரக் குச்சிகளை அடுப்பில் போட்டு எரிக்கப் போய், பிரிட்டிஷ் நாடாளுமன்றமே எரிந்தது! மக்களவை ஆவணங்களில் பெரும்பகுதி நாசம். பிரபுக்கள் சபை ஆவணங்கள் மட்டும் தெருவுக்கு அந்தப் பக்கம் தனிக் கோபுரத்தில் இருந்ததால் பிழைத்தன. பிழைத்தவற்றில் 1821ஆம் ஆண்டின் நில வரிச் சட்டமும் ஒன்று. தோல் சுருளில் எழுதிய அந்தச் சட்டத்தின் நீளம் 348 மீட்டர்! அப்படி என்ன எழுதினார்கள்? பெரும்பாலும் வரி வசூலைக் கவனிக்கும் ஆணையர்களின் பெயர்கள்தான்.

வாஷிங்டனுக்கே திரும்புவோம். ஜனாதிபதி லிங்கன் சுடப்பட்ட இரவில் அவர் பாக்கெட்டில் என்ன இருந்தது தெரியுமா? இரண்டு மூக்குக் கண்ணாடி, பேனாக்கத்தி, கைக்குட்டை, தோல் பர்ஸ். பர்ஸுக்குள்? யாரை எதிர்த்து நாலு வருடம் போர் நடத்தினாரோ, அந்தத் தெற்கு மாநிலக் கூட்டமைப்பு அச்சடித்த ஐந்து டாலர் நோட்டு! கூடவே பத்திரிகைத் துணுக்குகள், தன்னைப் புகழ்ந்தவை உட்பட. அவருடைய பேத்தி 1937இல் நூலகத்திடம் ஒப்படைத்த இந்தப் பொருட்கள் 1976 வரை பொதுமக்கள் கண்ணில் படவே இல்லை.

சினிமாக்காரர்கள் இந்த நூலகத்துக்குக் கோயிலே கட்டலாம். 1870 சட்டத்தின்படி பதிப்புரிமை கேட்கிறவர் இரண்டு பிரதிகளை இங்கே ஒப்படைக்க வேண்டியிருந்தது. சினிமா வந்தபோது அதற்கென்று தனிச் சட்டப் பிரிவு கிடையாது, புகைப்படத்துக்குத்தான் உண்டு. எடிசன் ஆட்கள் என்ன செய்தார்கள்? படச்சுருளைப் பிரேம் பிரேமாகக் காகிதத்தில் அச்சடித்து, புகைப்படம் என்று பதிவு செய்துவிட்டார்கள்! அப்படி 1894இல் பதிவானது ஒரு ஊழியர் பொடி போட்டுத் தும்முகிற சில நொடிக் காட்சி. அந்தக் காலத்துப் படச்சுருள்கள் பலவும் மக்கியும் எரிந்தும் போய்விட்டன. காகிதம் நின்றது. பிற்பாடு அந்தக் காகிதங்களை ஒவ்வொன்றாகப் படம் பிடித்து மறுபடி சினிமாவாக ஓட்டினார்கள்.

இப்போது படங்களும் ஒலிப்பதிவுகளும் இருக்கிற இடமோ அதைவிட விசேஷம். வர்ஜீனியாவில் கல்பெப்பர் என்ற ஊரில் மலைச்சரிவுக்குள் ஒரு பதுங்கறை. அணுகுண்டு விழுந்தால் நாட்டின் பணப்புழக்கத்தை மறுபடி தொடங்குவதற்காக மத்திய வங்கி அங்கே நூற்றுக்கணக்கான கோடி டாலர் நோட்டுக்கட்டுகளை அடுக்கி வைத்திருந்தது! பணம் போனது, பனிப்போர் முடிந்தது, 2007இல் சினிமா குடியேறியது.

சரி, எம்.பி.க்களுக்கு இதனால் என்ன பயன்? 1914இல் அவர்களுக்காகவே ஓர் ஆராய்ச்சிப் பிரிவு தொடங்கினார்கள். எந்தக் கட்சி உறுப்பினர் கேட்டாலும் பதில் உண்டு, பக்கச்சார்பு கிடையாது, கேட்டது யார் என்பதும் வெளியே போகாது. ஆனால் ஒரு வேடிக்கை: மக்கள் வரிப்பணத்தில் எழுதிய அந்த அறிக்கைகளை மக்கள் படிக்க நெடுங்காலம் நேரடி வழியே இல்லை! 2018இல்தான் சட்டம் போட்டுத் திறந்துவிட்டார்கள். நூற்றாண்டு தாமதம் என்று நான் முணுமுணுப்பேன், ஆனாலும் திறந்தார்களே.

இனிமேல் சொல்லப்போவதுதான் நம்ம ஊர் ஆச்சரியம். பி.எல். 480 ஞாபகம் இருக்கிறதா? உணவுப் பஞ்சக் காலத்தில் அமெரிக்காவிலிருந்து கோதுமை வந்ததே, அந்தத் திட்டம். அதற்கான விலையை இந்தியா டாலரில் கொடுக்கவில்லை, ரூபாயில் கொடுத்தது. அமெரிக்காவின் கணக்கில் இங்கே ரூபாய் குவிந்தது. அதை வெளியே கொண்டுபோக முடியாது. என்ன செய்வது? புத்தகம் வாங்கலாமே! இதற்குச் சட்டம் இடம் கொடுத்த பிறகு, லைப்ரரி ஆஃப் காங்கிரஸ் 1962இல் புதுடெல்லியில் அலுவலகம் போட்டது. இந்திய மொழிகளில் வந்த நாவல், கவிதை, வாரப் பத்திரிகை, அரசு அறிக்கை என்று வாங்கித் தனக்கும், அமெரிக்கப் பல்கலைக்கழக நூலகங்களுக்கும் அனுப்பியது. நாம் ரேஷன் கடை வரிசையில் நின்று வாங்கின கோதுமைக்கு ஈடாகத் தமிழ்ப் புத்தகங்கள் கடல் தாண்டிப் போயின! நம்மூரில் எடைக்குப் போட்ட பழைய பதிப்பை அமெரிக்க நூலகத்தில் கண்டெடுக்கிற ஆய்வாளர்களின் வியப்புக்கு மூலகாரணம் பலமுறை இந்தக் கோதுமைதான்.

அந்த டெல்லி அலுவலகம் இன்றும் இயங்குகிறது. தெற்காசிய எழுத்தாளர்களைக் கூப்பிட்டு உட்காரவைத்து, அவரவர் எழுத்தை அவரவர் குரலிலேயே வாசிக்கச் சொல்லிப் பதிவு செய்ததும் அவர்கள்தான். தமிழ் எழுத்தாளர்களின் குரலும் அதில் உண்டு. கேட்கக் காசு வேண்டாம்.

வாஷிங்டன் பக்கம் போகிறவர்களுக்கு ஒரு தகவல். 16 வயது ஆகியிருந்தால் போதும், எந்த நாட்டுக்காரரும் அடையாள அட்டையைக் காட்டி வாசகர் அட்டை வாங்கி, வாசிப்பறையில் உட்கார்ந்து படிக்கலாம். வீட்டுக்கு எடுத்துப் போவது மட்டும் முடியாது. அதற்கு நீங்கள் தேர்தலில் நின்று ஜெயிப்பது ஒரு வழி!