பழுது பெட்டரியிலா, அளக்கும் வயரிலா?

சில மாதங்களுக்கு முன்னர் நண்பர் ஒருவர் மிகுந்த கவலையோடு கடைக்கு வந்தார். ஆசிரியராக இருந்து ஓய்வு பெற்றவர். கையிலிருந்த சேமிப்பைக் கொண்டு இரண்டாம் தலைமுறை டொயோட்டா பிரியஸ் கார் ஒன்றை வாங்கியிருந்தார். மழை நாட்களிலும் குண்டும் குழியுமான வீதிகளிலும் எச்சரிக்கை விளக்கு எரிகிறது. சில நாட்களில் தானாகவே அணைந்து விடுகிறது. கராஜ் ஒன்றில் ஸ்கேன் செய்து பார்த்து, "ஹைபிரிட் பெட்டரி முடிந்து விட்டது, முழுதாக மாற்ற வேண்டும்" என்று கூறியிருக்கிறார்கள். பல இலட்சம் ரூபா செலவாகும் விடயம். "என்ன செய்யலாம் ஹாஜியார்?" என்று கேட்டார்.

2020 மார்ச்சில் நிறுத்தப்பட்ட வாகன இறக்குமதி, தனியார் வாகனங்களுக்கு 2025 பெப்ரவரியில்தான் மீண்டும் திறக்கப்பட்டது. இடைப்பட்ட ஐந்து வருடங்களில் பழைய ஹைபிரிட் வாகனங்களே கை மாறிக் கை மாறி ஓடின. எனவே நண்பருக்கு ஏற்பட்ட பிரச்சினை எம்மில் பலருக்கும் ஏற்படக்கூடியதே.

பெட்டரிக்குள் என்ன இருக்கிறது?

நண்பருடைய காரின் பெட்டரி ஒரே துண்டல்ல. 28 மொடியூல்கள் வரிசையாக இணைக்கப்பட்டவை. ஒவ்வொன்றிலும் 6 செல்கள், மொத்தம் 168 செல்கள். ஒரு செல்லுக்கு 1.2 வோல்ட் வீதம் மொத்தம் 201.6 வோல்ட். இரண்டிரண்டு மொடியூல்களைச் சேர்த்து 14 புளொக்குகளாக வைத்து, ஒவ்வொரு புளொக்கின் வோல்ட்டேஜையும் பெட்டரிக்குரிய கணினி தனித்தனியே அளக்கிறது. செம்புத் தகடுகளில் பொருத்தப்பட்ட மெல்லிய வயர்கள் மூலமே இந்த அளவு கணினிக்குச் செல்கிறது.

இந்தத் தகடும் வயர் முனையும் ஈரத்தினால் பச்சை பிடித்தாலோ, பிளக் தளர்ந்தாலோ கணினிக்குப் பிழையான அளவு போய்ச் சேரும். சரக்கு சரியாக இருக்கத் தராசு பிழையானால் நிறை குறைவாகத்தானே காட்டும்? அதுபோலத்தான் இதுவும். புளொக்குகளுக்கிடையே வித்தியாசம் அதிகம் என்று கண்டதும் கணினி P0A80 என்ற குறியீட்டைப் பதிவு செய்கிறது. "பெட்டரியை மாற்றுக" என்பதே அதன் பொருள். செல் பலவீனமா, வயர் கோளாறா என்பதை அந்தக் குறியீடு மாத்திரம் வைத்துச் சொல்ல முடியாது. P3030 என்ற குறியீடும் வந்திருந்தால் அளக்கும் வயரை முதலில் சந்தேகிக்க வேண்டும்.

எப்படிக் கண்டுபிடிப்பது?

முதலாவது, குறியீடுகளை அழிக்கக் கூடாது. பழுது ஏற்பட்ட கணத்தில் வேகம், வெப்பம், வோல்ட்டேஜ் எப்படி இருந்தன என்பதையும் கணினி சேமித்து வைத்திருக்கும். அழித்தால் அந்தச் சாட்சியமும் போய்விடும். முதலில் எழுதிக் கொள்ள வேண்டும்.

இரண்டாவது, காரை ஓட்டியவாறே 14 புளொக்குகளின் அளவையும் ஸ்கேனரில் பார்க்க வேண்டும். உண்மையில் பலவீனமான புளொக், மேடு ஏறும்போது மற்றவற்றை விடக் கீழே இறங்கும், சார்ஜ் ஆகும்போது மற்றவற்றை விட மேலே ஏறும். ஓட்டம் நின்ற பின்னும் உடனே பழைய நிலைக்கு வராது. வயர் கோளாறு அப்படியல்ல. கரன்ட் மாறாமல் இருக்கும்போதே அளவு திடீரெனக் குதிக்கும். இன்னுமோர் அடையாளமும் உண்டு. பக்கத்துப் பக்கத்துப் புளொக்குகள் இரண்டுக்கும் நடுவில் ஒரே வயர்தான் பொதுவாக இருக்கிறது. அதில் கோளாறு என்றால் ஒரு புளொக் குறைந்து காட்டும், அடுத்தது அதே அளவு கூடிக் காட்டும். இரண்டையும் கூட்டினால் கணக்குச் சரியாக இருக்கும்.

ஆனால் ஓர் எச்சரிக்கை. மொடியூல்களை இணைக்கும் தகடே பச்சை பிடித்திருந்தால் அதுவும் மேட்டில் இறங்கிச் சார்ஜில் ஏறும், பலவீனமான செல்லைப் போலவே நடிக்கும். கரன்ட் நின்றதும் உடனே சரியான அளவுக்கு வந்து விடுவதே வித்தியாசம். எனவே கடைசியில் பெட்டரியைத் திறந்து மொடியூல் முனைகளிலேயே மீற்றர் வைத்துப் பார்க்காமல் முடிவுக்கு வரக் கூடாது.

திறக்கும் வேலை பயிற்சி பெற்றவருக்கே உரியது. செம்மஞ்சள் நிற சேர்விஸ் பிளக்கைக் கழற்றி, 10 நிமிடம் பொறுத்து, 1000 வோல்ட் தாங்கும் கையுறையோடுதான் தொட வேண்டும். பிளக்கைக் கழற்றினாலும் மொடியூல்களில் மின்சாரம் இருந்து கொண்டே இருக்கும். உயிர் போகும் அளவு அது.

வயர் தொகுதியைக் கழற்றி வைத்து, மெதுவாக அசைத்தபடி ஓம் மீற்றரில் பார்த்தால் விட்டு விட்டு வரும் உடைவு வெளிப்படும். தகடுகளைச் சுத்தம் செய்து அல்லது மாற்றி, நட்டுகளை டோர்க் ரென்ச் கொண்டு 5.4 நியூட்டன் மீற்றர் அளவில் மாத்திரமே இறுக்க வேண்டும். கூட இறுக்கினால் மொடியூல் முனை உடைந்து போகும். பின்னர் பல நாட்கள் ஓட்டிப் பார்க்க வேண்டும். விட்டு விட்டு வரும் பழுது ஒரு நாளில் சுகமானதாகத் தோன்றும், நம்பி விடக் கூடாது.

நண்பரின் காரைத் திறந்தபோது இரண்டு தகடுகளும் வயர் முனைகளும் பச்சை பிடித்திருந்தன. மொடியூல்கள் யாவும் சரியாக இருந்தன. தகடுகளும் வயர் தொகுதியும் மாற்றப்பட்டன. அதன் பின் வந்த மழை நாட்களிலும் விளக்கு எரியவில்லை.

வியாபாரிகளுக்கு

பெட்டரி விற்றால் எமக்கு இலாபம் கூடத்தான். ஆனால் நல்ல பெட்டரியைக் கெட்டது என்று சொல்லி மாற்றுவது வியாபாரமல்ல. மறுபுறம், எரியும் விளக்கை ஸ்கேனரால் அழித்துவிட்டு, "ஒரு பிழையுமில்லை" என்று காரை விற்பவர்களும் இருக்கிறார்கள். குறையை மறைத்து விற்பது எமது மார்க்கம் தடுத்த ஒன்று. அளவை நிறுவையில் மோசம் செய்வோரைக் கண்டித்து அல்குர்ஆனில் 'அல்முதஃப்ஃபிஃபீன்' என்று ஓர் அத்தியாயமே இருக்கிறது. வோல்ட்டேஜ் அளப்பதும் ஓர் அளவைதான்.

வாங்குபவர்களுக்கும் ஒரு வார்த்தை. "பெட்டரி முடிந்து விட்டது" என்று எவராவது சொன்னால் 14 புளொக்குகளின் அளவையும் காட்டச் சொல்லுங்கள். காட்ட மறுத்தால் வேறொரு கராஜுக்குச் செல்லுங்கள்.

அல்லாஹ் எமது கொடுக்கல் வாங்கல்களில் நேர்மையையும் பரக்கத்தையும் தருவானாக.