செல் சவ்வும் உடலின் நீர்ச் சமநிலையும்

வயிற்றுப்போக்கால் சோர்ந்த குழந்தைக்கு உப்பும் சர்க்கரையும் கலந்த நீரைப் புகட்டுவதை நாம் கண்டிருக்கிறோம். உடல் இழந்த உப்பை ஈடுசெய்ய உப்பு தேவை என்பது எளிதில் விளங்கும். சர்க்கரை எதற்காக? சுவைக்காக அன்று. அதற்கான விடை, குடற்செல்லைச் சூழ்ந்துள்ள மெல்லிய சவ்வில் உள்ளது.

சவ்வின் அமைப்பு

செல் சவ்வு ஏறத்தாழ 7 முதல் 8 நானோமீட்டர் தடிமன் உடையது. பாஸ்போலிப்பிடு மூலக்கூறுகள் இரண்டு அடுக்குகளாக அமைந்து இதனை உருவாக்குகின்றன. அவற்றின் நீர்விரும்பும் தலைகள் செல்லின் உள்ளும் புறமும் உள்ள நீர்மத்தை நோக்கியும், நீர்வெறுக்கும் வால்கள் சவ்வின் நடுப்பகுதியை நோக்கியும் அமைந்துள்ளன. இவ்வடுக்குகளில் புரதங்கள் ஆங்காங்கே பதிந்துள்ளன. சிங்கர், நிக்கல்சன் ஆகியோர் 1972ஆம் ஆண்டு இவ்வமைப்பை விளக்கினர்.

ஆக்சிஜன், கார்பன் டைஆக்சைடு ஆகியவை இவ்வடுக்கின் ஊடே எளிதாகப் பரவுகின்றன. அயனிகளும் குளுக்கோஸும் அவ்வாறு செல்ல இயலா. அவற்றுக்குப் புரதங்களே வாயில்கள். எந்தப் பொருள், எப்பொழுது, எத்திசையில் செல்லலாம் என்பதை இவ்வாயில்கள் தீர்மானிப்பதால், சவ்வு தேர்வுத்திறன் உடையதாகிறது.

சோடியம் – பொட்டாசியம் உந்தி

செறிவு மிகுந்த இடத்திலிருந்து குறைந்த இடத்திற்குப் பொருள்கள் தாமாகவே பரவுவதற்குச் செல் ஆற்றலைச் செலவிட வேண்டுவதில்லை. எதிர்த்திசையில் கடத்தவோ ஆற்றல் தேவை. சோடியம் – பொட்டாசியம் உந்தி, ஒரு ஏ.டி.பி. மூலக்கூறின் ஆற்றலைக் கொண்டு 3 சோடியம் அயனிகளை வெளியேற்றி, 2 பொட்டாசியம் அயனிகளை உள்ளே கொணர்கிறது. ஜென்ஸ் ஸ்கௌ என்னும் டென்மார்க் அறிவியலாளர் 1957ஆம் ஆண்டு வெளியிட்ட இக்கண்டுபிடிப்புக்காக 1997ஆம் ஆண்டு நோபல் பரிசில் பங்கு பெற்றார். இவ்வுந்தி ஓயாது இயங்குவதாலேயே செல்லுக்குள் சோடியம் குறைவாகவும் வெளியே மிகுதியாகவும் உள்ளது.

உப்பைத் தொடரும் நீர்

நீரை நேரடியாக உந்தித் தள்ளும் உந்தி எதுவும் செல்லில் இல்லை. கரைபொருள் மிகுந்துள்ள பக்கத்தை நோக்கி நீர் சவ்வூடு பரவல் மூலம் செல்கிறது. ஆகவே, உடல் கரைபொருள்களை நகர்த்தி, அவற்றின் வழியே நீரை ஆள்கிறது.

சிறுகுடலின் உட்பரப்புச் செல்களில் ஒரு சிறப்பு வாயில் உள்ளது. சோடியமும் குளுக்கோஸும் சேர்ந்து வந்தால்தான் அது இரண்டையும் உள்ளே கடத்தும். இத்தகைய இணைக்கடத்தலை ராபர்ட் கிரேன் 1960ஆம் ஆண்டு முன்மொழிந்தார். இவ்வாறு உட்புகும் உப்பையும் குளுக்கோஸையும் தொடர்ந்து நீரும் உடலுக்குள் ஈர்க்கப்படுகிறது.

உயிர் காத்த கரைசல்

காலரா நுண்ணுயிரியின் நச்சு, குடற்செல்லின் குளோரைடு வாயில்களைத் திறந்தே வைக்கிறது. குளோரைடு வெளியேற, சோடியமும் நீரும் அதனைத் தொடர்கின்றன. நோயாளி சில மணி நேரத்திலேயே உயிரிழக்கவும் கூடும். ஆயினும், சோடியம் – குளுக்கோஸ் வாயில் இந்நச்சால் பழுதடைவதில்லை. மூடப்படாத அந்த ஒரு வாயிலே சிகிச்சைக்கு வழியாயிற்று.

1971ஆம் ஆண்டு வங்கதேச விடுதலைப் போரின்போது, மேற்கு வங்கத்தின் பன்கான் அகதிகள் முகாமில் காலரா பரவியது. நரம்பு வழியே செலுத்தும் உப்புநீர் தீர்ந்துவரும் நிலையில், மருத்துவர் திலீப் மகலானபிஸ் உப்பும் குளுக்கோஸும் கலந்த நீரை வாய்வழியே அளிக்கச் செய்தார். ஏறத்தாழ 30 விழுக்காடாக இருந்த இறப்பு, 4 விழுக்காட்டிற்கும் கீழே குறைந்தது.

அளவின் இன்றியமையாமை

உலக சுகாதார நிறுவனம் இன்று பரிந்துரைக்கும் கரைசலில், ஒரு லிட்டர் நீருக்கு 2.6 கிராம் சோடியம் குளோரைடும் 13.5 கிராம் குளுக்கோஸும் உள்ளன. பொட்டாசியம் குளோரைடும் சிட்ரேட்டும் உடன் சேர்க்கப்படுகின்றன. இதில் சோடியமும் குளுக்கோஸும் மூலக்கூறு அளவில் சமம். சர்க்கரை மிகுந்தால் குடலினுள் கரைபொருள் செறிவு உயர்ந்து, உடலின் நீரையே குடலுக்குள் இழுத்துவிடும். எனவே, பொட்டலத்தில் குறித்த அளவு நீரில் மட்டுமே அதனைக் கரைத்தல் வேண்டும்.

கண்ணுக்குப் புலனாகாத சவ்வின் வாயில் ஒன்றை அறிந்ததன் பயன், எண்ணற்ற குழந்தைகளின் உயிராக நிலைத்திருக்கிறது.

சிந்திக்க: ஒரு லிட்டர் நீருக்குரிய பொட்டலத்தை அரை லிட்டர் நீரில் கரைத்துக் கொடுத்தால், குடற்செல்லின் இரு பக்கங்களிலும் நீர் எத்திசையில் நகரும்? காரணம் கூறுக.