ஒரு ரிசீவர், பல நிரல்கள்

சுங்கை ஊடாங் கடலோரத்தில் நின்றால் எதிரே மலாக்கா நீரிணை; எண்ணெய்க் கப்பல்கள் வந்துபோகும் பாதை. பெரிய கப்பல்கள் தம் பெயர், இடம், வேகம் ஆகியவற்றை ஏஐஎஸ் கருவியால் 161.975, 162.025 மெகாஹெர்ட்ஸ் அலைவரிசைகளில் ஓயாமல் அறிவிக்கின்றன. மலிவான ஏஐஎஸ் ரிசீவரும் பழைய கணினியும் இருந்தால் அவற்றை வீட்டிலிருந்தே வரைபடத்தில் பார்க்கலாம். கூடவே ஒரு ஜிபிஎஸ் ரிசீவரையும் செருகினால்தான் தலைவலி ஆரம்பம்.

வரைபட நிரலுக்கு ஜிபிஎஸ் வேண்டும், கடிகாரத்தைச் சரிசெய்யும் நிரலுக்கும் வேண்டும். இரண்டும் ஒரே சீரியல் போர்ட்டைப் படித்தால் வரிகள் பிய்ந்துபோகும். பாதி ஒன்றுக்கு, மீதி மற்றதற்கு. லினக்ஸில் இந்தச் சண்டையைத் தீர்ப்பது ஜிபிஎஸ்டி என்னும் பின்னணிச் சேவை. ரிசீவரை அது மட்டுமே திறக்கும். மற்ற நிரல்கள் 2947-ஆம் போர்ட்டில் அதனிடம் கேட்டு வாங்கிக்கொள்ளும். ஏஐஎஸ் தகவலையும் அதுவே பிரித்துக் கொடுக்கும்.

மொழிபெயர்ப்பு வேலையும் அதனுடையதே. சுங்கை ஊடாங்கில் ரிசீவர் அனுப்பும் வரியில் அட்சரேகை 0218.6 என்பதுபோல வரும். இது 218 டிகிரி அல்ல. முதல் இரண்டு இலக்கம் டிகிரி, மீதி நிமிடம்: 2 டிகிரி 18.6 நிமிடம். ஜிபிஎஸ்டி இதை 2.31 என்று நேராகச் சொல்லிவிடும்.

நிறுவுவது பெரிய வித்தை இல்லை. உபுண்டு, ராஸ்பெரி பை போன்றவற்றில் சேவைக்கு ஒரு தொகுப்பு, சோதனைக் கருவிகளுக்கு ஒன்று. யூஎஸ்பியில் செருகிய ரிசீவர் பெரும்பாலும் டிடிஒய்யூஎஸ்பி0 அல்லது டிடிஒய்ஏசிஎம்0 என்ற பெயரில் தெரியும். அதை அமைப்புக் கோப்பில் எழுத வேண்டும். யாரும் கேட்காதபோதும் ரிசீவரைப் படித்துக்கொண்டிருக்க மைனஸ்-என் என்ற தெரிவையும் சேருங்கள். கடிகாரத்துக்கு இது அவசியம். பிறகு சோதனைக் கருவிகளில் ஒன்றான சிஜிபிஎஸ் நிரலை ஓட்டிப் பாருங்கள். இடம் கிடைக்கவில்லை என்றால் உடனே அமைப்பைக் குடைய வேண்டாம். தகரக் கூரைக்குக் கீழே செயற்கைக்கோள் சமிக்ஞை எங்கே வரும்? ஆன்டெனாவை வெளியே வைத்துச் சில நிமிடம் பொறுங்கள்.

வழக்கமாக அதே கணினிக்கு மட்டுமே இச்சேவை பதில் சொல்லும். அப்படியே விட்டுவிடுவது நல்லது. திறந்துவிட்டால் அந்த வலையமைப்பில் உள்ள யாரும் உங்கள் இருப்பிடத்தைப் படிக்கலாம்.

பதிப்பையும் பாருங்கள். ஜிபிஎஸ்ஸின் பழைய சமிக்ஞையில் வார எண் 1,024 வாரத்துக்கு ஒருமுறை சுழியத்துக்குத் திரும்பும். எந்தச் சுற்றில் இருக்கிறோம் என்பதை மென்பொருள்தான் ஊகிக்க வேண்டும். 3.20 முதல் 3.22 வரையிலான ஜிபிஎஸ்டி பதிப்புகளில் அதைச் சரிபார்க்கும் வரியிலேயே பிழை. அதனால் 2021 அக்டோபர் 24 அன்று அவை தேதியை 2002 மார்ச்சுக்குத் தள்ளின. 3.23-இல் திருத்திவிட்டார்கள். பழைய கணினியைத் தூசி தட்டி எடுப்பவர்கள் முதலில் பார்க்க வேண்டியது இந்த எண்ணைத்தான்.