நோவு எங்கே?

தாளவாடி மலைப்பகுதி ஈரோடு மாவட்டத்தில் உள்ளது. அங்கிருந்து சத்தியமங்கலம் போக வேண்டுமா? திம்பம் மலைப்பாதையில் இறங்க வேண்டும். அதில் 27 கொண்டை ஊசி வளைவுகள் உள்ளன.

மறுபக்கம் கர்நாடகத்தின் சாமராஜநகர் இருக்கிறது. அங்கே போக மலை இறங்க வேண்டியதில்லை. சாமராஜநகர் முன்பு மைசூர் மாவட்டத்தில் இருந்தது. 1997-இல் தனி மாவட்டம் ஆனது. 2016-இல் அங்கே அரசு மருத்துவக் கல்லூரி தொடங்கியது. தமிழ் பேசும் மக்களும் வைத்தியத்துக்கு அந்த ஊருக்குப் போகிறார்கள்.

அங்கே டாக்டர் கன்னடத்தில் கேட்பார்: "நோவு எல்லிதெ?"

நோவு எங்கே இருக்கிறது என்று பொருள். நோவு என்ற சொல் இரண்டு மொழிக்கும் பொது.

"வயிறு வலிக்கிறது" என்று மட்டும் சொன்னால் போதுமா? போதாது. வயிற்றுக்குள் பல உறுப்புகள் உள்ளன. எந்த இடத்தில் வலி என்று தெரிந்தால்தான் எந்த உறுப்பில் கோளாறு என்று டாக்டர் யோசிக்க முடியும்.

தொப்புள் வழியாக மேலிருந்து கீழே ஒரு கோடு போட்டதாக நினையுங்கள். குறுக்கே இன்னொரு கோடு. வயிறு நான்கு பாகம் ஆகிவிட்டது.

வலது மேல் பாகத்தில் கல்லீரலும் பித்தப்பையும் உள்ளன. இடது மேல் பாகத்தில் இரைப்பையும் மண்ணீரலும் உள்ளன. வலது கீழ் பாகத்தில் குடல்வால் இருக்கிறது. இடது கீழ் பாகத்தில் பெருங்குடலின் கடைசிப் பகுதி இருக்கிறது. சிறுநீரகங்கள் முதுகுப் பக்கம், இரண்டு புறமும் உள்ளன.

குடல்வால் சிறியது. விரல் போல இருக்கும். அது வீங்கினால் பலருக்கு முதலில் தொப்புளைச் சுற்றி வலிக்கும். சில மணி நேரத்தில் வலி வலது அடிவயிற்றுக்கு இறங்கும். வாயு என்று நினைத்து ஓமத்தண்ணீர் குடித்துப் படுத்துவிடக் கூடாது. குடல்வால் வெடித்தால் உயிருக்கே ஆபத்து. வலி எங்கே தொடங்கியது, பிறகு எங்கே போனது என்று இரண்டையும் டாக்டரிடம் சொல்ல வேண்டும்.

நெஞ்சின் நடுவில் அழுத்துவது போல வலிக்கிறதா? அந்த வலி இடது கைக்கும் தாடைக்கும் பரவுகிறதா? அது மாரடைப்பாக இருக்கலாம். உடனே 108-ஐக் கூப்பிட வேண்டும்.

வலது பக்கம் என்றால் யாருடைய வலது? டாக்டர் நோயாளிக்கு எதிரே நிற்கிறார். அவருடைய வலது கை, நோயாளியின் இடது கைக்கு நேரே இருக்கும். அதனால் உலகம் முழுவதும் டாக்டர்கள் ஒரே விதியை வைத்திருக்கிறார்கள். வலது என்றால் நோயாளியின் வலது. இடது என்றால் நோயாளியின் இடது.

ஆபரேஷனுக்கு முன்பு, செய்ய வேண்டிய பக்கத்தில் மையால் குறி போடுவார்கள். பக்கம் மாறிவிடக் கூடாது என்பதற்காக இந்த ஏற்பாடு. குறி தவறான பக்கத்தில் இருந்தால் நோயாளி தயங்காமல் சொல்ல வேண்டும்.

சில கன்னடச் சொற்களையும் தெரிந்துகொள்ளலாம்.

வயிறு – ஹொட்டெ
நெஞ்சு – எதெ
வலது – பல ('பலம்' என்பதில் வரும் ஒலி)
இடது – எட
மேலே – மேலெ
கீழே – கெளகெ
முன்னால் – முந்தெ
பின்னால் – ஹிந்தெ

பாருங்கள், பல சொற்கள் தமிழுக்குப் பக்கத்திலேயே இருக்கின்றன.

சொல் வராவிட்டாலும் பரவாயில்லை. வலிக்கும் இடத்தை ஒரு விரலால் தொட்டுக் காட்டலாம். வீட்டில் எழுதத் தெரிந்தவர் ஒரு சீட்டில் எழுதியும் வைக்கலாம். வலி எப்போது வந்தது? எங்கே தொடங்கியது? எந்தப் பக்கம் போனது? இந்த மூன்றும் அதில் இருக்கட்டும். வலியில் துடிப்பவருக்கு நேரம் மறந்துபோகும். சீட்டில் எழுதியது மறக்காது.