நிலக்கரி வளிமமாக்கக் கருவிகளுக்கான உலோக அரிமானச் சோதனை

நிலக்கரி வளிமமாக்கக் கருவிகளுக்கான உலோக அரிமானச் சோதனை என்பது, நிலக்கரியை எரிவளிமமாக மாற்றும் கருவிகளின் வெப்பத்தையும் வளிமங்களையும் எந்த உலோகக் கலவைகள் நெடுங்காலம் தாங்கும் என மதிப்பிடும் முறையாகும். இக்கருவிகளில் பாயும் வளிமம் நச்சுத்தன்மை உடையது, எளிதில் தீப்பற்றக் கூடியது. எனவே குழாயில் விழும் சிறு துளையும் பேராபத்தை விளைவிக்கும்.

அரிமானத்தின் காரணம்

வளிமமாக்கத்தில் நிலக்கரி, நீராவியுடனும் குறைந்த அளவு ஆக்சிசனுடனும் வினைபுரிந்து கார்பன் மோனாக்சைடையும் ஐதரசனையும் தருகிறது. நிலக்கரியிலுள்ள கந்தகத்தின் பெரும்பகுதி ஐதரசன் சல்பைடாக மாறுகிறது.

காற்றில் சூடாகும் துருவேறா எஃகின் மீது குரோமியம் ஆக்சைடு மெல்லிய படலமாகப் படர்ந்து உலோகத்தைக் காக்கிறது. வளிமமாக்கியில் ஆக்சிசன் மிகக் குறைவாகவும் கந்தகம் மிகுதியாகவும் இருப்பதால், அப்படலம் முழுமையாக உருவாகாமலோ பின்னர் சிதைந்தோ போகலாம். அப்போது சல்பைடுகள் தோன்றுகின்றன. இவை ஆக்சைடுகளை விட விரைவாக வளர்பவை. நிக்கல் மிகுந்த கலவைகளில், நிக்கலும் நிக்கல் சல்பைடும் சேர்ந்து ஏறத்தாழ 640 பாகை செல்சியசிலேயே உருகக்கூடும். ஆகவே காற்றில் 1000 பாகையைத் தாங்கும் கலவை இங்கும் தாங்கும் எனக் கொள்ள இயலாது.

சோதனை முறை

எடையும் அளவும் குறிக்கப்பட்ட சிறு உலோகத் துண்டுகள் உலைக்குள் வைக்கப்படுகின்றன. ஐதரசன், கார்பன் மோனாக்சைடு, கார்பன் டைஆக்சைடு, நீராவி, ஐதரசன் சல்பைடு ஆகியவற்றின் கலவை அவற்றின் மீது செலுத்தப்படுகிறது. சோதனை பல நூறு மணி முதல் பல ஆயிரம் மணி நேரம் வரை நீடிக்கும்.

அளவீடு

எடை மாற்றத்தை மட்டும் கொண்டு முடிவுக்கு வருவது தவறு. படலம் வளர்ந்தால் எடை கூடும், உதிர்ந்தால் குறையும். இரண்டும் ஒன்றையொன்று ஈடுசெய்தால், கெட்டுப்போன துண்டும் மாறாததைப் போலத் தோன்றும். எனவே துண்டைக் குறுக்காக வெட்டி, மெருகேற்றி, நுண்ணோக்கியால் ஆராய்கின்றனர். எஞ்சியுள்ள நல்ல உலோகத்தின் தடிமனும், கந்தகம் உள்ளே ஊடுருவிய ஆழமும் அளக்கப்படுகின்றன.

வரலாறும் வரம்புகளும்

1973 ஆம் ஆண்டின் எண்ணெய் நெருக்கடிக்குப் பின் நிலக்கரி வளிமமாக்கத்தில் ஆர்வம் பெருகியது. 1970களில் அமெரிக்காவில் மெட்டல் புராப்பர்ட்டீசு கவுன்சில் ஒருங்கிணைத்த திட்டத்தில், ஆய்வகங்களிலும் முன்னோடி ஆலைகளிலும் பல கலவைகள் சோதிக்கப்பட்டன.

சில கலவைகள் நெடுநேரம் நன்கு தாங்கிய பின், காப்புப் படலம் உடைந்து திடீரென விரைவாக அரிக்கப்படுகின்றன. ஆகவே குறுகிய காலச் சோதனையின் முடிவை ஆண்டுக்கணக்கில் நீட்டிக் கணக்கிடுவது நம்பத்தக்கதன்று. மேலும், ஆய்வக வளிமத்தில் சாம்பல், கரித்தூள், குளோரைடுகள் ஆகியவை பெரும்பாலும் இருப்பதில்லை. ஆலை நிறுத்தப்படும்போது குளிர்ந்து படியும் ஈரமும் கூடுதல் அரிமானத்தை உண்டாக்கும். இதனால் ஆய்வகத்தில் தேர்ந்த கலவைகள், இயங்கும் ஆலைகளிலும் வைத்துச் சோதிக்கப்படுகின்றன.